கொஸ்லந்தையில் சாகாத கொசுக்கள்

வியாழக்கிழமை, காலை ஏழு மணி.

பதுளையிலிருந்து பண்டாரவளைக்குப் பதினெட்டு மைல். பஸ் புறப்படும்போதே காலூன்ற இடமில்லை. எனக்கும் நண்பன் ஜமால்தீனுக்கும் உட்கார இடம் கிடைத்தது அவன் கையிலிருந்த மரப்பெட்டியால்தான். உள்ளே கண்ணாடிச் சாமான், இடித்தால் உடைந்துபோகும் என்று அவன் போட்ட சத்தத்தில் இரண்டு பேர் எழுந்து இடம் கொடுத்துவிட்டார்கள்.

ஜமால்தீன் பதுளைக் கடைவீதியில் துணி வியாபாரம் செய்யும் குடும்பத்துப் பிள்ளை. கடையில் உட்காரப் பிடிக்காமல் மலேரியா ஒழிப்பு வேலைக்குப் போய்விட்டான். ஊர் ஊராகப் போய்க் கொசு பிடித்து, அது எந்த மருந்துக்குச் சாகிறது, எதற்குச் சாகவில்லை என்று சோதிப்பது அவன் உத்தியோகம். நான் அதே ஊரில் ஒரு பாடசாலையில் விலங்கியல் படிப்பிக்கிறேன். ஒரே இனத்தில் பிறந்தாலும் ஒன்றைப் போல ஒன்று அச்சாக இருப்பதில்லை என்றும், அந்தச் சின்ன வித்தியாசங்களில் ஏதோ ஒன்று வாழும் இடத்துக்குத் தோதாக அமைந்துவிட்டால் அதை உடையது பிழைத்துக் குட்டி போடும் என்றும், தலைமுறை தலைமுறையாக அது பெருகி இனமே மாறிப்போகும் என்றும் வருடா வருடம் கரும்பலகையில் எழுதி அழிக்கிறேன். இதற்கு லட்சக்கணக்கான வருடம் பிடிக்கும் என்று ஒருநாள் ஜமால்தீனிடம் சொன்னபோது அவன் சிரித்தான்.

"லட்சம் வருசம் எதுக்கு மச்சான்? எங்க மருந்துக்குக் கொசு மாறினத நான் உத்தியோகத்துக்கு வந்த பிறகே பாத்துட்டேன். லீவு விட்டதும் வா, காட்டுறேன்."

அது எழுபத்து நான்காம் ஆண்டு, ஆகஸ்ட் மாத விடுமுறை. அப்படித்தான் கிளம்பினேன். உண்மையைச் சொன்னால் கண்காட்சிக்குப் போகிறவனின் உற்சாகத்தோடு கிளம்பினேன்.

ஹாலிஎலையைத் தாண்டியதும் பஸ்ஸை மறித்தார்கள். அரிசி கொண்டுபோகத் தடை இருந்த காலம். ஒரு பொலிஸ்காரர் பைகளைக் குத்திப் பார்த்துக்கொண்டே வந்து ஜமால்தீனின் பெட்டியைத் திறக்கச் சொன்னார். வரிசையாகக் குழாய்கள், ஈரத்துணி, சுருட்டிய வெள்ளைக் காகிதம்.

"கொசு பிடிக்கிற சாமான், மாத்தயா" என்றான் ஜமால்தீன்.

"அரிசி இல்லாத நாட்டுல கொசுவாவது கிடைக்குதே" என்று அவர் சிங்களத்தில் சொல்லிவிட்டு மூடியைச் சாத்தினார். பஸ்ஸில் ஒருவரும் சிரிக்கவில்லை.

பண்டாரவளையில் பஸ் மாற வேண்டும். பாணுக்காக நின்ற வரிசை பேக்கரியிலிருந்து தெரு முனைவரை வந்து திரும்பியிருந்தது. மேட்டிலுள்ள தோட்டங்களிலிருந்து விடியுமுன்னே நடந்து வந்தவர்கள் கம்பளியைத் தலையில் போட்டபடி அப்படியே குந்தியிருந்தார்கள். ரயில் நிலையத்துப் பக்கம் தகரப்பெட்டிகளோடு ஒரு கூட்டம். ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்படும் தோட்டத்து ஆட்கள். வழியனுப்ப வந்தவர்கள் யார், போகிறவர்கள் யார் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் ஒரே அழுகை.

பகல் பதினோரு மணி.

அப்புத்தளை தாண்டி, பெரகலச் சந்தியில் வெல்லவாயச் சாலைக்குத் திரும்பினால் மலை சட்டென்று முடிந்துவிடுகிறது. பண்டாரவளையிலிருந்து கொஸ்லந்தைக்கு மொத்தம் பத்தொன்பது மைல்தான். ஆனால் அந்தக் கடைசி ஏழு மைலில் குளிர் நாடு வெயில் நாடாகிவிடும். கீழே தெற்குச் சமவெளி தூசியும் புகையுமாகக் கிடந்தது. மானாப்புல் சரிவுகள் எரிந்து கருகியிருந்தன. ஊவாக் காற்று சுடச்சுட வந்து முகத்தில் அடித்தது. பாலத்துக்குப் பாலம் எட்டிப் பார்த்தேன். எந்த ஓடையிலும் ஓட்டமில்லை. பாறைக் குழிகளில் மட்டும் தெளிந்த தண்ணீர் தேங்கியிருந்தது.

"அந்தக் குழிதான் எங்களுக்கு எமன்" என்றான் ஜமால்தீன். "மழை பெஞ்சா ஆறு எல்லாத்தையும் அடிச்சிட்டுப் போயிரும். மழை இல்லாட்டித்தான் இந்தக் கொசு முட்டை போடும்."

மழையும் கொசுவும் சேர்ந்து வரும் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

கொஸ்லந்தைக் கடையில் சாயத்தண்ணி என்னும் பாலில்லாத தேநீரும் அவித்த மரவள்ளியும் கிடைத்தன. சீனி இல்லை, கடைக்காரர் ஒரு துண்டுக் கருப்பட்டியைக் கையில் வைத்தார். நாங்கள் போகும் தோட்டத்தின் கீழ்ப் பிரிவைச் சொன்னதும் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"அங்கயா? ஆள் எறங்கிப் போறதே கொறஞ்சு போச்சுங்க. வீட்டுக்கு வீடு குளிர்காய்ச்சல்."

எங்களைக் கூட்டிப்போக வந்திருந்தவர் பழனியாண்டி. நாற்பது வயதிருக்கும். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் வேலைக்காரர். ஜமால்தீனின் பெட்டியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு முன்னே நடந்தார். மூன்று மைல் இறக்கம். மேலே தேயிலை, நடுவில் காடு பிடித்த ஒரு சரிவு, அதற்குக் கீழே ரப்பர். பாதி வழியில், தானாகவே பேச ஆரம்பித்தார்.

"போன ஜூன்ல எம்மவன் தவறிட்டானுங்க. கணேசன். நாலு வயசு. நடுக்கமெடுத்து நாலாம் நாள் தூக்கிக்கிட்டு இதே பாதையில ஏறுனேன். ரோட்டுல பஸ்ஸுக்கு நிக்கையில தோள்லயே போயிட்டான்."

திரும்பிப் பார்க்காமல்தான் சொன்னார். பெட்டி தலையில் ஆடாமல் இருந்தது.

லயம் என்பது முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு வரிசை அறைகள். அறையைக் காம்பரா என்பார்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா. கூரைத் தகரத்தின் கீழே, சுவரெங்கும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. டி.டி.டி. அடித்த தடம். அன்று நாங்கள் படுத்தது, வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில்.

வெள்ளிக்கிழமை, காலை ஐந்தரை.

இரவு முழுக்கக் கடித்துக் குடித்த கொசு விடியலில் சுவரில் உட்கார்ந்து செரிக்கும். அப்போதுதான் பிடிக்க வேண்டும். ஜமால்தீன் ஒரு கையில் டோர்ச்சும் மறுகையில் கண்ணாடிக் குழாயுமாகப் போனான். குழாயின் மறுமுனையில் ரப்பர். அதை வாயில் வைத்து மெல்ல உறிஞ்சினால் கொசு உள்ளே வந்துவிடும். முதல் இரண்டு காம்பராவில் தடையில்லை. மூன்றாவதில் ஒரு பெண் வாசலை மறித்து நின்றாள். பழனியாண்டியின் மனைவி வேலாயி.

"இங்க வரவேணாங்க. ஒங்க வெள்ள மருந்த அடிச்சதுக்குப் பொறவு மூட்டப்பூச்சிதான் பெருத்துச்சு. பூன செத்துச்சு. கொசு மட்டும் சாவல. எம்புள்ளதான் செத்தான்."

"ஏய், ஐயாமாருகிட்ட இப்படியா பேசுறது?" என்றார் பழனியாண்டி பின்னாலிருந்து.

"விடுங்க அண்ணே" என்றான் ஜமால்தீன். அவன் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால், பாயில் சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடந்த சிறுமியைப் பார்த்துக்கொண்டிருந்தான். "புள்ளைக்கு எத்தன நாளா?"

"முந்தாநாள் ராவுல இருந்து."

மகள் பொன்னி. ஏழு வயது. பல்லோடு பல் அடிக்கும் சத்தம் வாசல்வரை கேட்டது. ஜமால்தீன் பெட்டியை வைத்துவிட்டு, விரலில் குத்தி ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடியில் எடுத்தான். மருந்துக் குளிசையை உடைத்துத் தேத்தண்ணியில் கரைத்து ஊட்டச் சொன்னான். முதல் வாய் அப்படியே வெளியே வந்தது. மறுபடி கரைத்து, தாய் மூக்கைப் பிடித்து ஊட்டினாள். இந்தத் தடவை தங்கியது.

"நாளைக்கும் குடுக்கணும். கொறையலன்னா பாத்துக்கிட்டு இருக்காதீங்க. ஒடனே தூக்கிருங்க" என்றான்.

வேலாயி வாசலிலிருந்து விலகி நின்றாள். "புடிச்சிட்டுப் போங்க. ஒண்ணு விடாமப் புடிச்சிட்டுப் போங்க."

சுவரில் கொசுக்கள் வயிறு சிவக்க உட்கார்ந்திருந்தன. டோர்ச் வெளிச்சத்தில் மணி மணியாக மின்னின. அது யாருடைய இரத்தம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. எவ்வளவு லேசாக அகப்படுகின்றன என்றுதான் நினைத்தேன்.

காலை எட்டு மணி.

பிள்ளைக் காம்பராவின் வெளித்திண்டில் சோதனை. டி.டி.டி. தோய்த்த காகிதம் சுற்றிய குழாய்க்குள் கொசுக்களை ஊதி விட்டு, ஒரு மணி நேரம் அதிலேயே வைக்க வேண்டும். பிறகு மருந்தில்லாத குழாய்க்கு மாற்றி, ஈரத்துணி போட்டு ஒரு நாள் விட வேண்டும். மறுநாள் எது செத்தது, எது பிழைத்தது என்று பார்த்தால் போதும்.

முதலில் எல்லாமே பறந்து அலைந்தன. பிறகு ஒவ்வொன்றாகக் கால் உதறியது, சரிந்தது, முதுகு தரையில்பட்டுச் சுழன்றது. அவற்றுக்கு நடுவே சில, ஒன்றும் நடக்காதது போலக் காகிதத்தின் மேலேயே உட்கார்ந்து பின்னங்காலைத் தடவிக்கொண்டிருந்தன. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். அதே சிறகு, அதே கால். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு வித்தியாசம், இதைச் சாகவிட்டு அதை இருக்கவிட்டது. எத்தனையோ வருடம் வாயால் சொன்ன பாடம் விரற்கடை தூரத்தில் நடக்கிறது. எனக்கு உடம்பு சிலிர்த்தது.

நிமிர்ந்தபோது எதிரே வேலாயி நின்றுகொண்டிருந்தாள். பொன்னி தூங்குகிறாள் என்று சொல்ல வந்தவள், குழாயைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"இதுங்க மட்டும் ஏன் மாஸ்டர் சாவல?"

கேட்டதும் நான் வகுப்பறைக்குப் போய்விட்டேன்.

"பொறக்கும்போதே இதுங்க கொஞ்சம் வேற மாதிரிம்மா. மருந்து வர்றதுக்கு முந்தியே ஆயிரத்துல ஒண்ணு ரெண்டு இப்படி இருந்திருக்கும். அப்ப அதால ஒரு பிரயோசனமும் இல்ல. மருந்த அடிச்சோம், மத்ததெல்லாம் செத்துச்சு. இதுங்க மிஞ்சிச்சு. மிஞ்சினது முட்டை போட்டுச்சு. குஞ்சும் தாய் மாதிரியே இருக்கும். திரும்பத் திரும்ப அடிக்க, இப்படிப்பட்டதே பெருகிப்போச்சு."

"மருந்துதான் மாத்திச்சுங்களா?"

"இல்ல, மருந்து ஒண்ணையும் மாத்தல. மாறி இருந்தத விட்டுவச்சிச்சு, அவ்வளவுதான்."

அவள் நன்றாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"ஜூன்ல ரெண்டுக்கும் சேந்துதாங்க காய்ச்ச வந்துச்சு. ஒரே பாயி. ஒரே கொசுதான் கடிச்சிருக்கும். இவ ரெண்டு நாள் நடுங்கிட்டு எந்திரிச்சிட்டா. அவன் எந்திரிக்கல."

ஜமால்தீன் என்னைப் பார்த்தான். அதன் அர்த்தம் எனக்குப் பிறகுதான் புரிந்தது.

"மனுசங்களுக்கும் அது உண்டும்மா" என்றேன். "ஒரே வயித்துல பொறந்தாலும் ஒடம்பு ஒண்ணு போல இருக்காது. சில ஒடம்பு இந்தக் காய்ச்சலத் தாங்கும்."

"அப்ப எம்மவன் தாங்காத ஒடம்போட பொறந்தவன்."

அவள் அதைக் கேள்வியாகச் சொல்லவில்லை. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு லயத்துக்குத் திரும்பி நடந்தாள். ஜமால்தீன் குழாயை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டே, "அவங்க ஒன்கிட்ட பாடம் கேக்கல மச்சான்" என்றான்.

சனிக்கிழமை, காலை ஆறு மணி.

பழனியாண்டி ஓடி வந்து எழுப்பினார். பொன்னி கண் திறக்கவில்லை. கூப்பிட்டால் விழி மேலே செருகியது. ஒரு தடவை கை கால் இழுத்தது. மேலே கொட்டகையில் பெரட்டுக்குத் தப்பு அடிக்கிற சத்தம் கேட்டது. காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரிப்பதைத்தான் பெரட்டு என்பார்கள். பழனியாண்டி அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிள்ளையைக் கம்பளியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு ஏற ஆரம்பித்தார். பின்னால் வேலாயி. அவள் பின்னால் நான். கடைசியாகப் பெட்டியோடு ஜமால்தீன். அவ்வளவு இறக்கமாகத் தெரிந்த பாதை இப்போது நெஞ்சை முட்டும் ஏற்றமாக நின்றது. வேலாயி வழியெல்லாம் ஒரே சொல்லைத்தான் சொல்லிக்கொண்டு வந்தாள்: "நிக்காதீங்க, நிக்காதீங்க."

பிரதான சாலைக்கு வந்ததும் வெல்லவாயப் பக்கமிருந்து எலுமிச்சை மூட்டை ஏற்றிய ஒரு லொறி வந்தது. ஜமால்தீன் நடுச்சாலையில் நின்று மறித்தான். சாரதி சிங்களவர். கம்பளியைப் பார்த்ததும் கதவைத் திறந்துவிட்டார்.

"புள்ளையும் அம்மாவும் முன்னால ஏறு. மத்த ஆள் மூட்ட மேல" என்றார் கொச்சைத் தமிழில்.

கொஸ்லந்தை ஆஸ்பத்திரியில் உடனே ஊசி போட்டார்கள். தாமதிக்காமல் பதுளைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஆஸ்பத்திரி வண்டி வேறு நோயாளியோடு போயிருந்தது. "நான் பண்டாரவளைக்குத்தானே போறது. பதுளை கொஞ்சம் தூரம், அவ்வளவுதான்" என்று லொறிக்காரர் வெளியிலேயே காத்துக்கொண்டிருந்தார்.

பிள்ளையை உள்ளே வைத்திருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில், வெளி வாங்கில் உட்கார்ந்து ஜமால்தீன் பெட்டியைத் திறந்தான். ஒரு நாள் கெடு முடிந்திருந்தது. குழாயின் அடியில் செத்தவை உமி போலக் கிடந்தன. மேலே, கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு மற்றவை நின்றன.

"பாதிக்கு மேல உசிரோட இருக்கு" என்றான். "இதுங்களோட பொறந்ததெல்லாம் அந்தக் கூரைக்குள்ளதான் இருக்கு. அடுத்த மாசம் அதே மருந்தத்தான் திரும்ப அடிப்பாங்க. புது மருந்து எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்?"

நான் அவ்வளவு தூரம் பயணம் செய்து பார்க்க வந்தது இதைத்தான். குழாயை என்னிடம் நீட்டினான். நான் வாங்கவில்லை. உள்ளே, ஊசிக்கு அந்தப் பிள்ளை அழுகிறதா என்று காது கொடுத்துக்கொண்டிருந்தேன். அழுகைச் சத்தம் வரவில்லை. ஜமால்தீன் பஞ்சைக் குளோரோபோமில் நனைத்துக் குழாயின் வாயை அடைத்தான். கொஞ்ச நேரத்தில் நின்றவையும் விழுந்தன.

பெரகல, அப்புத்தளை, பண்டாரவளை, தெமோதரை. வந்த வழி முழுவதையும் எலுமிச்சை மூட்டைகளின் மேல் உட்கார்ந்து திரும்பக் கடந்தேன். எந்த ஊரையும் நான் பார்த்ததாக நினைவில்லை. பகல் இரண்டு மணிக்குப் பதுளை ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினோம். ஜமால்தீன் லொறிக்காரருக்குக் காசு கொடுக்கப் போனான். சாரதி கையைத் தட்டிவிட்டு லொறியைத் திருப்பிக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை, பகல்.

காலையில் பொன்னி கண் விழித்து, தண்ணீர் கேட்டாள் என்று தாதி சொன்னாள். நான் போனபோது சுவரைப் பார்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். நெற்றியில் வேர்வை. வேலாயி வெளி விறாந்தையில் தூணோடு சாய்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்தாள்.

"இவ தாங்குற ஒடம்புங்க மாஸ்டர். நீங்க சொன்ன மாதிரியே."

அந்த வாக்கியத்தை அப்படியே விட்டுவிட என்னால் முடியவில்லை.

"நான் சொன்னது அரைகுறைம்மா. ஒடம்பும் ஒரு காரணமா இருக்கலாம், எனக்குத் தெரியாது. ஆனா இவளுக்குக் குளிசை நேரத்தோட கெடச்சுது. லொறி கெடச்சுது. ஊசி போட்டாங்க. கணேசனுக்கும் அன்னைக்கு இதெல்லாம்..."

பாதியில் நிறுத்தினேன். அவள் முடித்தாள்.

"கெடச்சிருந்தா பொழச்சிருப்பான்."

விறாந்தையின் அந்தக் கோடியில், கடையிலிருந்து போத்தலில் தேத்தண்ணி வாங்கிக்கொண்டு பழனியாண்டி வந்துகொண்டிருந்தார். அவள் அவரைப் பார்த்தபடியே, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"ரெண்டாம் நாளே தூக்கிட்டுப் போவோம்னு சொன்னேங்க. இவரு பெரட்டுக்குப் போயிட்டு வந்துர்றேன்னாரு. வாரத்துக்கு மூணு நாள்தான் வேல. அதுலயும் பேர் விழலன்னா நாங்க என்னத்த திங்கிறது? மறுநாளும் அப்படித்தான் போனாரு. அன்னையில இருந்து இவரு ராத்திரி படுக்கிறதில்ல. வாசல்ல குந்தியே இருக்காரு." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "அவருகிட்ட இதச் சொல்லிராதீங்க மாஸ்டர். நீங்க மொத சொன்னதே இருக்கட்டும்."

பழனியாண்டி வந்து போத்தல் மூடியில் தேத்தண்ணியை ஊற்றி முதலில் எனக்குத் தந்தார். வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

"வேலாயி சொன்னா, மாஸ்டர். கொசு மாதிரிதான் மனுசனும்னு. பெறவியிலயே ஒடம்பு அப்படி அமைஞ்சிட்டா நம்ம என்ன பண்ண முடியும்? எப்பத் தூக்கிட்டுப் போயிருந்தாலும்... அப்படித்தானுங்களே?"

அவர் கண் என் முகத்தை விட்டு நகரவில்லை. வேலாயி தூணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா" என்றேன். "அப்படித்தான்."

அவர் மூச்சை விட்டார். பிறகு மூடியை வாங்கித் துடைத்து மனைவிக்கு ஊற்றினார். மறுநாள் பெரட்டுக்கு நிற்க வேண்டும், பின்னேர பஸ்ஸைப் பிடிக்கிறேன் என்று சொல்லி, பிள்ளையை ஒரு தடவை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுக் கிளம்பினார். வாசல்வரை அவரோடு நடந்தேன். அவர் பஸ் நிலையத்துப் பக்கம் போனார். நான் என் வீட்டுப் பக்கம் திரும்பினேன்.

என் வீடு அந்த ஆஸ்பத்திரியிலிருந்து பத்து நிமிட நடை. அதற்கு முந்தின வருடம் என் மகனுக்கு நடுக்கமெடுத்தபோது தோளில் போட்டுக்கொண்டு நடந்துதான் வந்தேன். காய்ச்சல் முழுதாக ஏறுவதற்குள் டாக்டர் பார்த்துவிட்டார். மூன்றாம் நாள் அவன் பந்து விளையாடப் போய்விட்டான். அவனுடையது தாங்கும் உடம்பா, தாங்காத உடம்பா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவை எங்களுக்கு வரவில்லை.